குங்குமம் வைத்த கோழிக்குஞ்சு

இன்று காலை பக்கத்து வீட்டுச் சரோஜா தன் கோழிக்குஞ்சைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். அதன் தலையெல்லாம் ரத்தம்.

"மத்த குஞ்சுங்க கொத்திக்கினே இருந்துச்சிக்கா. கண்ணு பட்டிருக்கும்னு மலைக்கோயில் குங்குமத்த வச்சி உட்டேன். இன்னும் மோசமா கொத்துதுங்க!"

"சிவப்பப் பாத்தா கோழி கொத்தும்னு கூடவா தெரியாது? நீயெல்லாம் எதுக்குடி கோழி வளக்குற?"

குங்குமத்தைக் கழுவி, மஞ்சளும் வேப்பெண்ணெயும் தடவி, குஞ்சை என் வீட்டிலேயே வைத்துக்கொண்டேன். இல்லையென்றால் சாயங்காலத்துக்குள் செத்திருக்கும். பிறகு அவள் வீட்டுக்குப் போய், எது முதலில் கொத்துகிறது என்று பார்த்து, அந்தச் சேவல் குஞ்சைப் பிடித்துத் தனியாகக் கூடை போட்டு மூடினேன்.

அதுவரை அழாதவள் அப்போதுதான் கண்ணைக் கசக்கினாள்.

"ஐயோ, என் ராசா தனியா ஏங்கிப்பூடுமேக்கா!"

கொத்து வாங்கிய குஞ்சுக்காக வராத அழுகை கொத்தினவனுக்காக வருகிறது. ரவுடியைப் பெற்ற அம்மாக்கள் உங்கள் தெருவிலும் இப்படித்தானா?