சுருங்காத மைதானம்

வாலிபால் என்றால் எனக்கு வெறி. இன்றைக்கும் எங்கேயாவது நெட் கட்டியிருந்தால் பஸ்ஸிலிருந்து இறங்கிவிடுவேன், போகிற காரியம் கெட்டாலும் கெடட்டும். விருத்தாசலம் செராமிக் பட்டறைகளில் வேலைக்குச் சேர்ந்த எங்கள் கூட்டத்தில் பாதிப் பேருக்கு அதே வெறி. ஆட இடம்தான் இல்லை. ரயில்வே வேலியோரம் ஆடினால் பந்து தண்டவாளத்துக்கு ஓடும், கேட்காரர் திட்டுவார், நான் திருப்பித் திட்டுவேன். என் வாய் அப்படி.

பட்டறைகளுக்குப் பக்கத்தில் டவுன் பஞ்சாயத்துக்குச் சொந்தமான பொட்டல் ஒன்று முள் மண்டிக் கிடந்தது. அதைக் கேட்டு நடையாய் நடந்தோம். கடைசியில் தலைவரே கூப்பிட்டார்.

"எடம் எங்களுது. ஆனா பஞ்சாயத்துல பணம் கெடையாது. சாமான உங்க மொதலாளிங்க குடுக்கட்டும், ஒழைப்ப நீங்க குடுங்க. ஒண்ணே ஒண்ணு. வெளியூரு டீமக் கூட்டியாந்து, முறையான அம்பயர வெச்சி ஒரு மேட்ச்சு நடத்திக் காட்டணும். அடுத்த கூட்டத்துக்குள்ள நடக்கலன்னா வண்டிப்பேட்டைக்கு எழுதிக் குடுத்துடுவேன். வண்டிக்காரங்களும் எடம் கேட்டுக்கினுதான் இருக்காங்க."

முதலாளிகள் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். ஒருவர் லாரி கொடுத்தார், அவ்வளவுதான், மற்றவர்களுக்குத் தூக்கம் போய்விட்டது. இன்னொருவர் சாமானை உள்ளே வைத்துச் சுடுகிற மண்பெட்டிகளில் சூளையில் உடைந்தவற்றை அள்ளிக்கொள்ளச் சொன்னார். அதை நொறுக்கி அடியில் போட்டு மேலே செம்மண் கொட்டினோம். மழை பெய்தாலும் தண்ணீர் நிற்கவில்லை! ஓடு செய்கிற முதலாளி, கோணிப்போய்க் கழித்துக்கட்டிய வெள்ளை ஓடுகளைக் கொடுத்தார். கோடு போடச் சுண்ணாம்பு எதற்கு? அந்த ஓடுகளையே தரையோடு தரையாகப் பதித்துக் கோடு போட்டோம். அப்படி ஒரு மைதானம் இந்த ஜில்லாவில் கிடையாது என்று டீக்கடை டீக்கடையாகப் பீற்றிக்கொண்டேன்.

அளவெடுத்தது எங்கள் கேப்டன். களிமண் சாமானுக்கு அச்சு செய்வதில் அவரை மிஞ்ச ஆளில்லை. நீளம் அறுபதடி, அகலம் முப்பதடி என்று நாங்கள் சொன்னோம், அவர் மூங்கிலில் அளவுகோல் வெட்டி வந்து அளந்தார். நெட்டின் உயரத்தை அளந்ததும் அதே கோலால்தான்.

மேட்ச் நாள் வந்தது. மறுநாள் பஞ்சாயத்துக் கூட்டம். பெண்ணாடத்து டீம் டிராக்டரில் வந்து இறங்கியது. தலைவர் மடிப்புக் கலையாத வேட்டியில் நாற்காலியில் உட்கார்ந்தார். முதலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள், பட்டறை ஆட்கள், சுண்டல்காரர், எல்லோரும் வந்தாயிற்று. கடலூரிலிருந்து வந்த அம்பயர் டேப்பை எடுத்தார். அளந்தார். முகம் மாறியது. திரும்பவும் அளந்தார்.

"என்னாங்க இது, அறுபத்தாறடி இருக்குது?"

"இருக்காதுங்க," என்றேன். அகலம் முப்பத்து மூன்று. நெட்டு ஒரு சாண் உயரம் அதிகம். கேப்டன் தன் மூங்கிலைக் கொண்டுவந்து டேப்புக்குப் பக்கத்தில் வைத்தார். அப்புறம் தலையில் கைவைத்துக்கொண்டார்.

அச்சுப் பட்டறை அடிக்கோலில் ஓர் அடி என்பது ஊர் அடி அல்ல, கொஞ்சம் நீளம். மண் காய்ந்து சூளையில் வெந்தால் பதினோரு அங்குலம் பத்து அங்குலமாகச் சுருங்கிவிடும். அதனால் அச்சைப் பெரிதாகத்தான் செய்வோம். அந்தக் கோலைப் பார்த்துத்தான் மூங்கிலை வெட்டியிருக்கிறார் மனுஷன்!

"யோவ், மைதானத்த எந்தச் சூளையில வெச்சி சுடப் போற?" என்று கத்தினேன்.

"கை பழக்கம்யா. நீங்க மட்டும் கண்டுபிடிச்சீங்களா?"

அது நியாயம்தான். நாங்களும் அதே பட்டறைக் கண்ணால் பார்த்தவர்கள்தானே. இத்தனை நாளாய்ப் பழகியும் நெட்டுக்கு மேலே அடிக்க வரவில்லையே என்று நான் உள்ளுக்குள் நொந்துகொண்டிருந்தேன். சனியன் பிடித்த நெட்டு!

அம்பயர் டேப்பைச் சுருட்டினார். "இந்தக் கோட்டுல ஆட நான் விசில் ஊத முடியாதுங்க." அங்கே விளக்குக் கிடையாது, பொழுது மேற்கே சாய்ந்துகொண்டிருந்தது. நாளைக்கு வண்டிப்பேட்டை.

"வேற கோடு போட்டா ஊதுவீங்களா?" என்று கேட்டேன்.

"பழைய கோடு இருக்கக் கூடாது. வெளிச்சம் இருக்கணும்."

அவ்வளவு போதும்! கடப்பாரை, மண்வெட்டி, கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு பாய்ந்தோம். பதித்த ஓடு லேசில் வருமா? அவ்வளவு கெட்டியாகப் பதித்திருந்தோம், பாவிகள்! பெண்ணாடத்து ஆட்கள் சும்மா நின்றார்கள், பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு அவர்களும் இறங்கினார்கள். ஓட்டு முதலாளி செருப்பை விட்டுவிட்டுத் தன் ஓடுகளைத் தானே நெம்பினார். பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பள்ளத்தில் மண்ணைத் தள்ளி மிதித்தார்கள். பட்டறையிலிருந்து வெள்ளைக் களிமண் பொடி மூட்டை மூட்டையாக வந்தது. டேப்பின் ஒரு முனையை அம்பயர் பிடித்தார், மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை.

"குடுய்யா இப்படி," என்று ஒரு குரல். தலைவர்! வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்ணில் உட்கார்ந்து முனையைப் பிடித்தார். கேப்டன் அவர் பக்கத்தில் பொடியைத் தூவிக்கொண்டே போனார். அதற்குள் ஒருவன் நெட்டை இறக்கிக் கட்டினான். நாங்கள் கத்திய கத்தலில் ரயில்வே ஸ்டேஷனில் இருந்தவர்களெல்லாம் ஓடிவந்துவிட்டார்கள்.

அம்பயர் எல்லாக் கோட்டையும் அளந்தார். வானத்தைப் பார்த்தார். விசிலை வாயில் வைத்தார். ஊதுவாரா மாட்டாரா என்று நான் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன்.

ஊதினார்!

ஊர் முழுக்க அலறியது. முதல் சர்வீஸ் என்னுடையது. சந்தோஷத்தில் ஓங்கி ஒரு போடு போட்டேன். பந்து எதிர்டீம் தலைக்கு மேலே, கடைசிக் கோட்டுக்கும் மேலே பறந்து, இரண்டடி தள்ளி விழுந்தது. பழைய மைதானமாக இருந்தால் உள்ளே விழுந்திருக்கும். தலையைக் குனிந்துகொண்டேன்.

பந்து உருண்டுபோய்த் தலைவர் காலடியில் நின்றது. அவர் வேட்டி, கை, மீசை எல்லாம் வெள்ளைப் பொடி. பந்தை எடுத்து என் பக்கம் வீசினார்.

"போனா போவுது, விடுப்பா. நாளைக்கு வந்து பழவிக்க. நாளன்னைக்கும் வா. இனிமே இது எங்க போவப் போவுது?"