எல்லோருடைய ஓடிபியும் வரும் போன்

ஒக்கலிபுரத்தில், ஆன்லைனில் சான்றிதழுக்கு விண்ணப்பித்துத் தரும் கடையில் அந்த அம்மாவைப் பார்த்தேன். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பட்டன் போனைத் தொங்கவிட்டிருந்தார். தெருக்காரர்களில் யாருக்கு ஓடிபி வந்தாலும் அதில்தான் வந்தது. தெருவில் முதலில் போன் வாங்கியவர் அவர். ஆதாருக்கு எல்லோரும் அவர் எண்ணையே கொடுத்திருந்தார்கள்.

“இப்ப எல்லார்கிட்டயும் போன் இருக்கே, நம்பர மாத்திக்கச் சொல்லலாமே?” என்றேன்.

“சும்மா இருங்க சார். வாசல்ல நிக்கிறாளே என் நாத்தனா, என்னோட பேச்சே கிடையாது. அவளுக்கு ஓடிபி வந்ததும் உள்ள வருவா பாருங்க.”

போனில் மெசேஜ் வந்த ஒலி கேட்டது. நாத்தனார் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். அந்த அம்மா போனைத் தொடவில்லை.

“ஒக்காரு. காபி குடிச்சியா?”

பேச்சு முடிவதற்குள் ஓடிபி காலாவதியாகிவிட்டது. கடைக்காரர் அலுத்துக்கொண்டே மறுபடி அனுப்பினார். அடுத்தது என் முறை. ஆனாலும், இதுவும் வீணாய்ப் போகட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.