எழுந்திருக்காத ஒரு மணி நேரம்

எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு யார் வந்தாலும் எழுந்து நின்று "வாங்க" என்று சொல்ல வேண்டும். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, கால் தானாக எழுந்துவிடும். சொந்தக்காரர்கள் வருடக்கணக்கில் பேசாமல் இருப்பதற்குச் சொத்துத் தகராறு எல்லாம் தேவையில்லை. "அவங்க ஊட்டுக்குப் போனனுங்க, வாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லல" என்பது ஒன்றே போதும். இந்தப் பழக்கத்தால் ஒரு வீடியோ கேமின் கடைசிச் சாதனையை நான் திரும்பத் திரும்பக் கோட்டை விட்ட கதை இது.

அருள்புரத்தில் எங்கள் வீட்டுக்குக் கீழே என் கணவரின் தையல் யூனிட், மாடியில் நாங்கள். குழந்தைகள் போடும் டீசர்ட்டுகளைப் பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க்காகத் தைத்துக் கொடுக்கிறோம். செக்கிங் டேபிள் என் பொறுப்பு. வாரம் முழுக்க நூல் பிசிறையும் கோணிப்போன கழுத்துப் பட்டியையும் பார்த்துப் பார்த்து எரிச்சலாகிப் போகும் கண்ணுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வேறு ஏதாவது காட்ட வேண்டும். என் தம்பி வேலைக்காக வெளிநாடு போகும்போது தன் கேம் பெட்டியை எங்கள் டிவிக்குக் கீழே வைத்து, "தூசி மட்டும் தட்டி வெச்சுக்கோ அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். கொஞ்ச நாள் தூசிதான் தட்டினேன். ஒரு நாள் ஆன் செய்தேன்.

அதற்குள் ஒரு விளையாட்டு இருந்தது. நீலத் தொப்பி போட்ட குட்டி வாட்ச்மேன் ஒருவன் ஒரு பழைய மணிக்கூண்டுக்குள் தாவித் தாவி மேலே ஏற வேண்டும். தவறி விழுந்தால் சாவதில்லை. ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் காலம் பின்னால் ஓடும். விழுந்தவன் அந்தரத்தில் எழும்பி, விட்ட இடத்துக்கே வந்து நிற்பான். பச்சையாக மின்னும் பொருட்கள் மட்டும் காலத்துக்குக் கட்டுப்படாது. பச்சைச் சாவியை எடுத்துக்கொண்டு காலத்தைப் பின்னால் ஓட்டினால், ஆள் பழைய இடத்துக்கு வந்துவிடுவான், சாவி கையிலேயே இருக்கும். முதல்முறை இதைப் பார்த்தபோது தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். தைத்ததைப் பிரித்த பிறகும் தைத்த கூலி கைக்கு வந்த மாதிரி இருந்தது.

இப்படிப்பட்ட விளையாட்டுகளில் சாதனைகள் என்று சில வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றையும் செய்து முடித்தால் திரையின் ஓரத்தில் சின்னதாக ஒரு கோப்பைப் படம் வரும். சில சாதனைகளுக்கு மூளை வேண்டும், சிலவற்றுக்குப் பொறுமை வேண்டும். ஒரு நத்தை பாலத்தைக் கடக்கும் வரை எதையும் தொடாமல் காத்திருந்தால் ஒரு கோப்பை. அது கடப்பதற்குள் நான் ஒரு கிலோ வெண்டைக்காய் நறுக்கி முடித்தேன். இப்படி ஒவ்வொன்றாக எல்லாக் கோப்பையும் வந்து சேர்ந்தது, ஒன்றைத் தவிர. மணிக்கூண்டின் அடியிலிருந்து உச்சி வரை ஒரே மூச்சில், ஒரு மணி நேரத்துக்குள், நடுவில் ஒருமுறைகூட நிறுத்தாமல் ஏற வேண்டும். நிறுத்தினால் முதலில் இருந்து. காலத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பின்னால் ஓட்டலாம், ஆனால் மூலையில் இருக்கும் கடிகாரம் பின்னால் போகாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும்.

இதை விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் என்னைப் பற்றி எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. நான் பி.காம். இரண்டாம் வருடத்தோடு நின்றவள். தையல் டிப்ளமோ சேர்ந்து சான்றிதழ் வாங்காமல் வந்தவள். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு லைசென்ஸ் எடுக்காதவள். எங்கள் யூனிட்டில் வேலை செய்யும் வடநாட்டுப் பிள்ளைகளோடு பேசுவதற்காக இந்தி வகுப்புக்குப் போய், எண்களை மட்டும் கற்றுக்கொண்டு திரும்பி வந்தவள். "நீ எடுக்கற வேலையெல்லாம் கை வெக்காம பாதியில விட்ட டீசர்ட்டு புள்ள" என்பார் என் கணவர். சிரித்துக்கொண்டுதான் சொல்வார், நானும் சிரிப்பேன். ஆனால் அது எனக்கு வலிக்கும். அதனால் அந்தக் கடைசிக் கோப்பை எனக்கு வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தது. ஒரே ஒரு காரியத்தையாவது, அது உதவாத காரியமாகவே இருந்தாலும், முழுசாக முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு பாதி தூரம் ஏறியிருந்தபோது பக்கத்து வீட்டுக்காரர் கறிவேப்பிலைக்கு வந்தார். வாசலில் நிழல் தெரிந்ததுமே நான் எழுந்து நின்று "வாங்க" என்று சொல்லியாகிவிட்டது. திரும்பிப் பார்த்தால் வாட்ச்மேன் ஒரு பல்சக்கரத்தில் மாட்டிக்கொண்டு மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிறு நூல் வியாபாரி. அதற்கடுத்த ஞாயிறு காதுகுத்துக்கு அழைக்க வந்தவர்கள், குடும்பத்தோடு. கறிவேப்பிலை வாங்க வந்தவரை "நீங்களே பறிச்சுக்கங்க" என்று சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். சொல்லலாம்தான், ஆனால் மூளை அதைச் சொல்வதற்குள் கால் எழுந்துவிடுகிறதே.

என் கணவர் ஒரு யோசனை சொன்னார். கீழே கேட்டை வெளிப்பக்கம் பூட்டிவிட்டு அவர் எங்காவது போய்விடுவது. நல்ல யோசனையாகத்தான் இருந்தது. அன்று பார்த்து அவருடைய பங்காளி ஒருவர் வந்து கேட்டுக்கு வெளியே நின்று, "ஊட்டுல ஆருமில்லீங்களா?" என்று கேட்க, பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "உள்ளதானுங்க இருக்கறாங்க, டிவி சத்தம் கேக்குதே" என்று உண்மையைச் சொல்லிவிட்டார். அந்தப் பங்காளியைச் சமாதானம் செய்ய நாங்கள் இரண்டு பேரும் பழம் வாங்கிக்கொண்டு குண்டடம் வரை போய்வர வேண்டியதாயிற்று. கேட் பூட்டும் யோசனை அதோடு முடிந்தது.

அப்புறம்தான் நங்கை வந்தார். கணவரின் அக்காவை நாங்கள் நங்கை என்போம். குன்னத்தூரில் தோட்டமும் துரவுமாக இருப்பவர். மரியாதை விஷயத்தில் எங்கள் சொந்தத்தில் அவரைப் போல ஆள் கிடையாது. ஒரு கல்யாணத்தில் பந்தியில் யாரோ கவனிக்காமல் விட்டதற்கு அந்த வீட்டு வாசல் பக்கமே அவர் போவதில்லை. அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தாய்மாமன் வீட்டுக்குத்தான் முதல் பத்திரிகை. அவரும், நான் அண்ணா என்று கூப்பிடும் அவர் கணவரும் தட்டில் வெற்றிலை பாக்கு பழத்தோடு பத்திரிகையை வைத்து எடுத்துக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்து நின்றார்கள். நான் அப்போது மணிக்கூண்டின் உச்சிக்கு இரண்டே தளம் கீழே இருந்தேன். கடிகாரத்தில் நேரம் தாராளமாக மிச்சம் இருந்தது. அவ்வளவு தூரம் அதற்கு முன் நான் போனதே இல்லை.

எழுந்தேன். "வாங்க நங்கை, வாங்கண்ணா" என்றேன். தண்ணீர் கொடுத்தேன். நானும் கணவரும் சேர்ந்து நின்று இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டோம். எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனால் நங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்கண்ணு, வாயி வாங்கன்னு சொல்லுது, மூஞ்சி போங்கன்னு சொல்லுதே?"

என் கணவர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்தார். தலைவலி என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்து தொலைத்தது.

"உங்களைத் தப்பா ஒண்ணும் நெனைக்கலீங்க நங்கை. ஒரு வெளையாட்டு. இன்னும் கொஞ்சத்துல முடிஞ்சிருக்கும்."

"வெளையாட்டா?"

"ஆமாங்க."

"முடிச்சா என்ன தருவாங்க?"

"ஒண்ணும் தர மாட்டாங்க. ஒரு கோப்பை வரும். நெசக் கோப்பை இல்லீங்க, படம்."

"பொறவெதுக்குக் கண்ணு அழுகறே?"

"நான் எதையுமே முழுசா முடிச்சதில்லீங்க நங்கை. இதையாவது முடிச்சர்லாம்னு பாத்தேன்."

நங்கை டிவியைப் பார்த்தார். அதில் வாட்ச்மேன் ஒரு கடிகார முள்ளின் நுனியில் தொங்கிக்கொண்டிருந்தான். நான் கொடுத்த காப்பியை நங்கை குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "செரி, பல்லடத்துல நாலு ஊட்டுக்குப் போகோணும்" என்று கிளம்பிவிட்டார். அவர்கள் போனதும் என் கணவர் சொன்னார்: "போச்சு. கல்யாண மண்டபத்துல மைக்கு வெச்சுச் சொல்லப் போறா பாரு." வாரம் முழுக்க எனக்கு அந்த மைக் நினைப்புதான். முதல் பத்திரிகை வைக்கப் போன இடத்தில் மாமன் பெண்டாட்டி மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டாள் என்று ஊர் பேசப் போகிறது. அதுவும் ஒரு பொம்மை வாட்ச்மேனுக்காக.

அடுத்த ஞாயிறு கேம் பெட்டியைத் தொடுவதாகவே இல்லை. சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கீழே கார் வந்து நின்றது. கல்யாண வேலை தலைக்கு மேல் இருக்கும் நேரத்தில் நங்கை மட்டும் தனியாக வந்து இறங்கினார். கையில் பெரிய பிளாஸ்க். நான் அவசரமாகப் படியிறங்கி வாயைத் திறப்பதற்குள் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வாங்கன்னு அப்பறம் சொல்லிக்கலாம். மேல போயி உன்ற வெளையாட்டை வெளையாடு. ஆரு வந்தாலும் நான் பாத்துக்கறேன்."

"எதுக்குங்க நங்கை? உங்களுக்கு எத்தனை வேலை இருக்கும்."

"பாதியில எந்திரிக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும் கண்ணு. கட்டிக்கிட்டு வந்த நாள்ல இருந்து ஒரு சோறு நான் சூடாத் தின்னதில்ல. இலைல கை வெச்சா வாசல்ல ஆராச்சும் நிப்பாங்க. போ, போயி உக்காரு."

யூனிட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, படிக்கட்டின் அடியில் உட்கார்ந்துகொண்டார். அவரைத் தாண்டி ஒரு ஈகூட மேலே வர முடியாது. நான் மேலே போய் ஆரம்பித்தேன். முதல் தளத்திலேயே இரண்டு முறை விழுந்தேன். கீழே ஒவ்வொருவராக வருவது காதில் விழுந்துகொண்டே இருந்தது.

"வாங்க வாங்க. என்ற தம்பி சம்சாரத்துக்கு முக்கியமான வேலைங்க. ஒரு மணி நேரம் எந்திரிக்க முடியாது. தப்பா நெனைச்சுக்காதீங்க, காப்பி குடிங்க."

அதற்குப் பிறகு யூனிட் சாவி கேட்டு இந்திக்காரப் பையன் ஒருவன் வந்தான். நங்கைக்குத் தெரிந்த இந்தி ஒரே சொல்தான். "பைட்டோ, பைட்டோ" என்று அவனையும் உட்காரவைத்துக் காப்பி கொடுத்துவிட்டார். கறிவேப்பிலைக்காரரும் வந்தார். அவரிடம் மரத்தைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்போடு பதற்றமும் போய்விட்டது. வாட்ச்மேன் சக்கரங்களில் ஏறினான், விழுந்தான், திரும்பி வந்தான், மறுபடி ஏறினான். நான் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனேன்.

கடைசித் தளம். கடிகாரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அந்த நேரம் பார்த்துப் படியில் காலடிச் சத்தம் கேட்டது. என் கால் எழ ஆரம்பித்தது. முட்டி பாதி நிமிர்ந்துவிட்டது.

"எந்திரிக்காதே கண்ணு, நாந்தான்" என்று குரல் வந்தது.

உட்கார நேரமில்லை, எழவும் முடியாது. பாதி எழுந்த அந்தக் கோலத்திலேயே கடைசித் தாவலைத் தாவினேன். மணிக்கூண்டின் மணி அடித்தது. திரையின் ஓரத்தில் கோப்பை வந்தது. பட்டியலில் எல்லாச் சாதனைக்கும் நேராக விளக்கு எரிந்தது, ஒன்றுகூட விடுபடவில்லை. முட்டி வலிக்க வலிக்க அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

நங்கை பின்னால் வந்து நின்று பார்த்தார். "இத்துனூண்டு படந்தானா?"

"அதுதானுங்க."

"முழுசா முடிஞ்சுதா?"

"முழுசா முடிஞ்சுதுங்க நங்கை."

"செரி. இப்பச் சொல்லு. நான் வந்து ஒரு மணி நேரமாச்சு, இன்னும் ஆரும் என்னைய வாங்கன்னு சொல்லல."

நேராக நிமிர்ந்து நின்று, "வாங்க நங்கை" என்றேன். "வந்தேன் கண்ணு" என்று உட்கார்ந்தார். அன்று அவருக்கு நான் தோசை சுட்டுப் போட்டேன். வாசலில் என் கணவரை நிறுத்திவைத்திருந்தேன். கடைசித் தோசை வரை நங்கை சூடாகவே சாப்பிட்டார்.

கல்யாண மண்டபத்தில் அவர் மைக் எதுவும் வைக்கவில்லை. மாமன் சீர் எல்லாம் முடிந்து நான் ஓரமாக உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளையின் பெரியம்மாவை என் பக்கம் கூட்டிக்கொண்டு வந்தார். "இவதானுங்க எங்க தம்பி சம்சாரம். எதை எடுத்தாலும் முடிக்காம எந்திரிக்க மாட்டா" என்று அறிமுகம் செய்துவைத்தார். பக்கத்தில் நின்ற என் கணவர் வாயைத் திறந்தார், நங்கை அவரைத் திரும்பிப் பார்த்ததும் மூடிக்கொண்டார். நங்கை அதைச் சொல்லி முடிக்கும்போதே நான் எழுந்து நின்று அந்த அம்மாவை "வாங்க" என்று சொல்லியிருந்தேன்.