தானாக நகர்ந்த அம்பு

மாசி பிறந்து பத்து நாள் இருக்கும். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது லேப்டாப் திரையிலிருந்த அம்பு என்னைக் கேட்காமலே புறப்பட்டது. 'மழை' என்ற சொல்லுக்கு நேராக அதை வைத்திருந்தேன். மெல்ல வலப்பக்கம் நகர்ந்து, இரண்டு குதி குதித்து, மூலைக்குப் போய் வகுப்பையே மூடிவிட்டது. ஐந்து பிள்ளைகளின் முகங்களும் ஒரே நொடியில் காணாமல் போயின. இருண்ட திரையில் என் முகம் மட்டும் தெரிந்தது. அதை நான் கொஞ்ச நாளாகப் பார்க்காமல் தவிர்த்துவந்தேன்.

நல்லம்பள்ளியைத் தாண்டி உள்ளே தள்ளியிருக்கிற ஊர் எங்களுடையது. ஒரு தனியார் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். ஊரடங்கில் வாங்கிய லேப்டாப்பை வைத்துக்கொண்டு, பள்ளியை விட்ட பிறகு, வளைகுடா நாடுகளில் இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வாரத்தில் ஐந்து நாள், மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி ஊரே பேசி ஓய்ந்துவிட்டது, நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் போன ஐப்பசியில் நெஞ்சுவலி என்று உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. அதன்பிறகு அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குப் பேச்சு. மீதி நேரமெல்லாம் பால்காரரிடம் "அரை லிட்டர் போதும்" என்பதோடு சரி.

அவர் போன பிறகு வீட்டில் நடந்த ஒரே நல்லது, கூடம் சுத்தமாக இருந்ததுதான். காட்டில் உழவு வேலை முடிந்து வந்தால் மனிதர் நேராகப் பின்பக்கம் போவார். சுவரை ஒட்டி நின்று கைகால் கழுவி, வாய் கொப்பளித்து, அங்கேயே முகமும் கழுவுவார். வீடு கட்டிய நாளிலிருந்து பதினெட்டு வருடம் அந்த இடம் சேறாகவே கிடந்தது. அதே காலோடு கூடத்துக்குள் வந்து, "காப்பி இருக்குதா" என்பார். நான் திட்டாத நாளில்லை. திட்டிச் சலித்து, உள்ளே பூப்போட்ட வாஷ்பேசின் ஒன்று வைத்தேன். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது, உனக்கு இருக்கட்டும்" என்று சொல்லி, துண்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். ஒரு நாள்கூட அதில் அவர் கை நனைந்ததில்லை. அப்படி ஒரு பிடிவாதக்காரர்.

அம்பின் ஆட்டம் நாளுக்கு நாள் கூடியது. பாடத்தைப் பெரிதாக்கும், சுருக்கும், நான் தட்டிய வரியை அழிக்கும். கண்ணாடி துடைக்கிற துணியால் விரல் வைக்கும் பட்டையைத் துடைத்தேன். அணைத்து அணைத்துப் போட்டேன். தனியாக ஒரு மவுஸ் வாங்கி மாட்டினேன். நான் ஒரு பக்கம் இழுத்தால் அது ஒரு பக்கம் இழுத்தது. பக்கத்து வீட்டு அம்மா வந்து ஐந்து நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, சந்தேகமே இல்லை, உன் வீட்டுக்காரர்தான் என்று தீர்ப்புச் சொன்னார். உயிரோடு இருந்தவரை இதைத் துடைக்கக்கூடத் தொடாதவர், செத்த பிறகா கற்றுக்கொண்டார் என்று கேட்டேன். அந்த அம்மாவுக்குக் கோபம். நாலு நாள் வரவில்லை.

வகுப்பில் ஒரு பெண்குழந்தை இருக்கிறாள், ஏழு வயது, எதையும் விடமாட்டாள். ஒருநாள் அம்பு திரையில் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தவள் கேட்டாள்.

"மிஸ், உங்க வீட்ல இன்னொருத்தர் இருக்காங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வரியைப் படி என்று சொன்னேன்.

உண்மையைச் சொன்னால், எனக்கு அந்த அம்பின்மேல் முழுக்கக் கோபமும் இல்லை. மதிய நேரத்தில் வேலையே இல்லாமல் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு அது போகிற இடமெல்லாம் பார்த்திருக்கிறேன். வீட்டில் என்னைத் தவிர அசைகிற பொருள் அது ஒன்றுதான். "எங்க போற, உக்காரு" என்று அதட்டியும் இருக்கிறேன். இதை வெளியில் சொன்னால் பைத்தியம் என்பார்கள்.

பங்குனியில் அந்தக் குழந்தையின் அம்மா ஒரு செய்தி அனுப்பியிருந்தார். மற்ற பெற்றோரும் பேசிக்கொண்டார்களாம். இந்த வாரமும் சரியாகவில்லை என்றால், சரியாகும் வரை வகுப்பை நிறுத்திவைக்கலாமா என்று மரியாதையாகவே கேட்டிருந்தார். நிறுத்திவைப்பது என்றால் என்னவென்று எனக்குத் தெரியாதா? பத்து நாளில் வேறு ஆசிரியை கிடைத்துவிடுவார். எனக்கு வேறு ஐந்து மணி கிடைக்காது. எட்டு வயசுக்குள் இருக்கிற ஐந்து பேர் "மிஸ்" என்று கூப்பிடுவதை நம்பித்தான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது? இந்த வாரத்துக்குள் சரிசெய்துவிடுகிறேன் என்று பதில் போட்டேன்.

மறுநாளே லேப்டாப்பைப் பையில் வைத்துக்கொண்டு தர்மபுரி பஸ் ஏறினேன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரிப்பேர் கடை. முப்பது வயசுப் பெண் ஒருத்தி நடத்துகிறாள். சார்ஜரை மாட்டி, கடையின் மேசைமேல் வைத்து, ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தாள். அம்பு அப்படி ஒரு சாது. வைத்த இடத்தில் நின்றது. எனக்கு அவமானமாகிவிட்டது. ஒன்றுமில்லை என்று அனுப்பிவைத்தாள். வீட்டுக்கு வந்து மாட்டியதும் பழைய குதியாட்டம். அடுத்த நாள் மறுபடி போனேன். இந்த முறை அவள் லேப்டாப்பைத் தொடவில்லை, என்னைத்தான் விசாரித்தாள். சார்ஜர் போட்டிருக்கும்போது மட்டும் குதிக்கிறதா? பேட்டரி செத்து வருடம் ஒன்றாகிறது, எப்போதும் சார்ஜரில்தான் ஓடுகிறது என்றேன். ஓரத்தைத் தொட்டால் சுருக் சுருக்கென்று இருக்கிறதா? இருக்கிறது, நான் அதை வயசுக் கோளாறு என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்றேன். அவள் சிரித்துவிட்டாள்.

"லேப்டாப்புல ஒண்ணும் இல்லீங்க. உங்க வூட்ல எர்த் வேல செய்யல. கசியற கரண்டு மண்ணுக்குள்ள எறங்காம இதுலயே நிக்குது, அதான் குதிக்குது. இந்தப் பட்டையை ஆஃப் பண்ணிட்டு மவுஸ வச்சு ஓட்டிக்கலாம், ஆனா அது வைத்தியம் இல்லீங்க. ஒருநாள் உங்களுக்கே நல்லா அடிச்சிரும். ஒயர்மேன வரச் சொல்லிப் பாருங்க."

எங்கள் வீட்டுக்கு ஒயரிங் செய்தவர் உள்ளூர்க்காரர்தான். மறுநாள் காலையில் வந்தார். பிளக் பாயிண்டில் சோதனை பல்பை வைத்துப் பார்த்தார். எரிய வேண்டிய இடத்தில் எரியவில்லை. எழுந்து பின்பக்கம் போனார், நானும் பின்னால் போனேன். மாதக்கணக்கில் நான் அந்தப் பக்கம் சரியாகப் பார்த்ததில்லை. சுவரை ஒட்டிச் சாணளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் குழாய்தான் எர்த் பைப் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அதைச் சுற்றி மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. அவர் குனிந்து ஒரு பாளத்தை எடுத்து விரலால் நொறுக்கினார். அப்படியே பொடியாக உதிர்ந்தது.

குழாயைச் சுற்றி உப்புப் போட்டு மூன்று குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். மண் மடமடவென்று குடித்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து பல்பை வைத்தார். பளிச்சென்று எரிந்தது. இதுவரைக்கும் இந்த வீட்டில் இப்படி ஆனதே இல்லையே, இந்த வருடம் மட்டும் ஏன் என்று கேட்டேன். அவர் சோதனை பல்பைப் பையில் வைத்தார்.

"இது பாறைப் பூமிங்க அக்கா, ஈரம் இல்லாட்டி எர்த் எடுக்காது. வூடு கட்டறப்பவே அண்ணங்கிட்ட சொன்னேன், தெனம் ஒரு சொம்பு தண்ணி ஊத்தணும்னு. அதுக்கு அவரு, சொம்பெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்காது, நான் கைகாலையே அங்க கழுவிக்கறேன்னாருங்க. உங்களுக்குத் தெரியும்னு இருந்தேன்."

தெரியாது. பதினெட்டு வருடம் திட்டியிருக்கிறேன். ஏன் அங்கே போய்க் கழுவுகிறீர்கள் என்று ஒரு நாள்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அவரும் தானாகச் சொல்கிற ஜாதி இல்லை. ஐப்பசியில் போனார். கார்த்திகை வரை மழை ஈரம் தாங்கியது. தையில் காய்ந்து, மாசியில் வெடித்து, அம்பு குதிக்க ஆரம்பித்தது. கணக்குச் சரியாக இருந்தது. ஒயர்மேன் போகிறவரை அடக்கிக்கொண்டிருந்தேன். பிறகு அந்தப் பூப்போட்ட வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு அழுதேன். காரியத்தன்றுகூட அப்படி அழவில்லை.

ஐந்து மணிக்கு வகுப்பு. முகம் கழுவி உட்கார்ந்தேன். ஐந்து பேரும் வந்தார்கள். அம்பை 'மழை'க்கு நேராக வைத்தேன், நின்றது. கால்மணி நேரம் ஆகியும் நின்றது. விரலால் தொட்டுப் பார்த்தேன், சுருக்கென்றுகூட இல்லை. இனி வகுப்பு நிற்காது. அந்தக் குழந்தை மட்டும் படிக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மிஸ், இப்ப அசையல. அவங்க போயிட்டாங்களா?"

"ஆமா கண்ணு, போயிட்டாரு" என்றேன். அவர் போனதை அதுவரை நான் யாரிடமும் என் வாயால் சொன்னதில்லை. வந்தவர்கள் எல்லோரும் தெரிந்துதான் வந்தார்கள். குழந்தை தலையை ஆட்டிவிட்டு அடுத்த வரியைப் படித்தாள். உச்சரிப்பு நன்றாக வந்திருந்தது.

வகுப்பு முடிந்ததும் சொம்பை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். இரண்டு அடி வைத்ததும் சொம்பைத் திரும்பக் கொண்டுவந்து வைத்துவிட்டு, வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன். சுவரை ஒட்டி நின்று கையும் காலும் கழுவினேன். முகமும் அங்கேயே கழுவினேன். அதே காலோடு கூடத்துக்குள் வந்தேன். வாசற்படியிலிருந்து நாற்காலிவரை சேறு. நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் காத்திருந்தேன். யாரும் திட்டவில்லை.