ஏழு மணி மேலூர் வண்டி

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில், எட்டு மணி இருக்கும், கண்டக்டர் பிச்சை என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கோணிச் சாக்கை மடித்துத் தலையில் கவிழ்த்திருந்தார். முழங்கால் வரை சேறு. உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

“டீச்சரம்மா, இன்னைக்கு வண்டி வராது. பிள்ளைக ரோட்டுல நின்னுக்கிட்டு இருக்கும். யார்கிட்டயாச்சும் சொல்லிவிட முடிஞ்சாச் சொல்லிவிடுங்க” என்றார்.

ஏன் என்று கேட்டேன்.

“இப்ராகிம் பாய் மவுத்தாயிட்டாரும்மா. ஷெட்டுக்குள்ள கரி மூட்டியிருக்காரு. நான் போயிப் பாக்கையில சக்கரத்துக்குப் பக்கத்துல கெடக்காரு.”

“இன்னைக்குப் பள்ளிக்கூடம் இல்லையே, பிச்சை. மழைக்காக நேத்தே லீவு விட்டாச்சே” என்றேன்.

ஒரு மனிதர் இறந்த செய்திக்கு என் வாயிலிருந்து முதலில் வந்த சொல் அது. பிச்சை கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். “அப்படியாம்மா. அது பாய்க்குத் தெரியாதே” என்றார். பிறகு சாக்கை இழுத்துவிட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போனார். நண்பரைப் பிணமாகத் தூக்கி வெளியே கிடத்திய ஒன்றரை மணி நேரத்துக்குள், வண்டி வராது என்று பள்ளிக்கூடத்துக்குச் சொல்ல வேண்டும் என அவருக்குத் தோன்றியிருக்கிறது. பள்ளிக்கூடம் இல்லை என்று வண்டிக்குச் சொல்ல வேண்டும் என எனக்குத் தோன்றவில்லை.

கோரிப்பாளையத்துக்கும் மேலூருக்கும் இடையில் போய்வருகிறவர்களுக்கு டிரைவர் சையது இப்ராகிமைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அவர்களில் பலர் என்னைவிட அவரை நன்றாக அறிந்தவர்கள். ஆனாலும் அவர் எப்படி இறந்தார் என்பதை முழுவதும் அறிந்தவர்கள் இரண்டே பேர். அதனால் எழுதுகிறேன்.

முதன்முதலில் அவரை நான் பார்த்தபோது எனக்கு முப்பது வயது கடந்திருந்தது. மேலூரில் ஒரு பள்ளியில் வேலை. மதுரையிலிருந்து தினமும் போய்வர வேண்டும். அந்த நாளில் பஸ்ஸுக்கு நேரம் என்று ஒன்று கிடையாது. ஆள் நிறைந்தால் கிளம்பும். நிறைவதற்காக ஊரை இரண்டு சுற்றுச் சுற்றும். கிளம்பிய பிறகும் உத்தரவாதம் இல்லை. ஒருநாள் வெள்ளரிப்பட்டியில் ஒருவர் ரோட்டில் நின்று கையைக் காட்டினார். வண்டி நின்றது. அவர் ஏறவில்லை.

“பாய், கொஞ்சம் நில்லுங்க. எங்க மச்சான் வாராரு.”

“எங்க வாராரு?”

“குளிச்சுக்கிட்டு இருக்காரு.”

வண்டி முழுவதும் சிரித்தது. முழுவதும் காத்திருந்தது. நான் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். மச்சான் ஈரத்தலையோடு வந்து ஏறும்போது, “சோப்புப் போட்டாரா இல்லையா, அதையும் பாத்துட்டுக் கிளம்புவோம்” என்று இப்ராகிம் பாய் சொன்னது நினைவிருக்கிறது. அன்று பள்ளியில் எனக்கு முதல் பாடவேளை போயிற்று. மறுநாள் ஏறும்போது அவரிடம் சொன்னேன். “மனுசனை விட்டுட்டுப் போகவா முடியும்?” என்றார். முடியும் என்று சொன்னேன். ரயில் போகிறதே என்றேன். அவர் ஹாரனை அமுக்கினார்.

பிறகு அதே பாதையில் இன்னொரு முதலாளியின் வண்டியும் ஓடத் தொடங்கியது. யார் முந்திப் போய் அடுத்த ஊர் ஆட்களை ஏற்றுவது என்று பந்தயம். இவர் போட்டி போடாத உத்தமர் என்று இப்போது சிலர் பேசுகிறார்கள். அது உண்மையல்ல. நானே வண்டியில் இருந்தேன். “விடுங்கண்ணே, அவனை விடாதீக!” என்று பின்னாலிருந்து கத்தினார்கள். யானைமலையைத் தாண்டியதும் முந்தப் போய், வண்டி வயலுக்குள் இறங்கிச் சாய்ந்தது. ஒரு பெண்ணுக்குக் கை முறிந்தது. யாரோ கொண்டுவந்த கோழிகள் நாற்றங்காலெல்லாம் ஓடின. என் மூக்குக்கண்ணாடி உடைந்தது. அவர் அந்தப் பெண்ணைத் தூக்கி வரப்பில் உட்காரவைத்துவிட்டு என்னிடம் வந்தார். முகம் வெளுத்திருந்தது.

“கண்ணாடி போச்சேம்மா. இனி பிள்ளைக எழுதுற தப்பெல்லாம் எப்படித் தெரியும்?” என்றார்.

வேடிக்கையாகச் சொன்னாரா, பயத்தில் உளறினாரா என்று இன்றுவரை தெரியவில்லை. நான் சிரிக்கவில்லை. அதற்குப் பிறகு அவர் பந்தயம் ஓட்டியதில்லை. அவசரப்படுத்துகிறவர்களிடம், “முந்தணும்னா எறங்கி அந்த வண்டியில ஏறிக்க மாப்ள” என்பார்.

சில வருடங்களில் அதிகாரிகள் வண்டிகளுக்கு நேரம் குறித்தார்கள். ஏழு மணிக்குக் கோரிப்பாளையத்தில் கிளம்பி, மேலூர் போய், திரும்பிவரும் முதல் நடை இப்ராகிம் பாய்க்கு வந்தது. அதற்குள் நான் நகரத்திலேயே ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆகியிருந்தேன். திரும்பிவரும் அந்த வண்டியில் வெள்ளரிப்பட்டி, சிட்டம்பட்டி, ஒத்தக்கடைப் பிள்ளைகள் நான்கு பேர் என் பள்ளிக்கு வந்தார்கள். பெண்ணைப் பஸ்ஸில் ஏற்றி மதுரைக்கு அனுப்புவது அந்த ஊர்களில் புதிது. அவர்களுடைய தகப்பன்மார் என்னை நம்பி அனுப்பவில்லை. “பாய் வண்டிதானே” என்று அனுப்பினார்கள். இதைச் சிட்டம்பட்டிக்காரர் ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

யுத்தம் வந்து பெட்ரோல் போயிற்று. கரி பஸ் வந்தது. வண்டியின் பின்புறத்தில் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தினார்கள். அதில் அடுப்புக்கரியைக் கொட்டித் தீ மூட்டி, கைப்பிடியைச் சுற்றிச் சுற்றிக் காற்று ஊத வேண்டும். அரைமணி, சில நாள் முக்கால் மணி ஊதினால்தான் இஞ்சினுக்கு வேண்டிய வாயு வரும். கரி ஈரமாக இருந்தால் அதற்கும் மேல். ஏழு மணி வண்டி ஏழரைக்கும் எட்டுக்கும் கிளம்பியது. பிள்ளைகள் பதினொரு மணிக்கு வகுப்புக்குள் நுழைந்தார்கள். பாயிடம் பலமுறை சொன்னேன். பிறகு, என் வழக்கப்படி, அதிகாரிகளுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எந்தெந்த நாள் எத்தனை நிமிடம் தாமதம் என்று ஒரு மாதத்துப் பட்டியலையும் இணைத்தேன். நல்ல கடிதம் அது. எழுதி முடித்து மறுபடி ஒருமுறை படித்துப் பார்த்து மகிழ்ந்தேன்.

மூன்று வாரம் கழித்து அவர் பள்ளிக்கு வந்தார். கையில் ஒரு காகிதம். வண்டி இனிக் குறித்த நேரத்துக்குக் கிளம்பாவிட்டால் அந்த நடையையே எடுத்துவிடுவோம் என்று முதலாளிக்கு உத்தரவு வந்திருந்தது. முதலாளிக்கும் அதில் வருத்தமில்லை. காலை நடைக்குக் கரி அதிகம் செலவாகிறது என்று அவர் முன்பே முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதாம்மா?”

“பத்து தடவை சொன்னேனே, பாய்.”

“சொன்னீக. காயிதத்துல எழுதப் போறேன்னு சொல்லலையே. காயிதம் போட்டா காயிதம்தானே வரும்.”

நடை போனால் பிள்ளைகள் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அப்போதுதான் எனக்கே அந்தக் கேள்வி உறைத்தது.

“என்ன செய்யும்? வீட்டுல இருக்கும். ஆடு மேய்க்கும்” என்றார். வாசல்வரை போனவர் திரும்பி நின்றார். “ஆளு ரொம்பினதும் கிளம்புனா அது சந்தைக்குப் போற மாட்டுவண்டி. மணியானதும் கிளம்புனாத்தான் பஸ்ஸு. நீங்க அன்னைக்கு ரயிலைச் சொன்னீகல்ல? இனி ஏழுன்னா ஏழு. பாத்துக்கங்க.”

அன்றிலிருந்து ஒருநாள்கூட அவர் பிந்தவில்லை. கண்டக்டர் வருவதற்கு முன்பே, இருட்டுப் பிரியும்போதே ஷெட்டுக்குப் போய், தானே கரி மூட்டி, தானே கைப்பிடியைச் சுற்றுவார். “எங்க அண்ணன் வண்டிக்கு ஹுக்கா பிடிச்சு விடுறாரு” என்று பிச்சை கேலி செய்வார். “நீ வந்து பிடி, அப்பத் தெரியும் அது இழுக்குதா நாம இழுக்குறமான்னு” என்பார் இவர். நான்கு பிள்ளைகள் ஒரே வருடத்தில் பதினொரு பேர் ஆனார்கள். என் கடிதத்தின் பலன் என்று நினைத்தேன். ஆண்டு விழாவில் அப்படிப் பேசவும் செய்தேன்.

ஒருமுறை பள்ளி வாசலில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தலைவலி என்றார். காலையில் தினமும் வருகிறதாம். நான் கல்லூரியில் ரசாயனம் படித்தவள். கரி எரிந்து வரும் அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை, மூடிய இடத்தில் ஆளைக் கொல்லும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறவள்.

“ஷெட்டுக்குள்ள வச்சு மூட்டாதீங்க பாய், வெளியில வச்சு மூட்டுங்க” என்றேன்.

“மழையில்லாதப்ப வெளியதாம்மா” என்றார்.

சரி என்று உள்ளே போய்விட்டேன். மழை பெய்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்கவில்லை. அதைக் கேட்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?

அந்த ஐப்பசியில் வைகையில் இரு கரையும் தொட்டுத் தண்ணீர் போயிற்று. சிட்டம்பட்டிப் பக்கம் கண்மாய் எந்த நேரமும் உடையலாம் என்று பேச்சு. பிற்பகல் மூன்று மணிக்கு மறுநாள் விடுமுறை என்று வகுப்பு வகுப்பாகச் சொன்னேன். தண்ணீர்க்காரப் பெண்ணுக்குச் சொன்னேன். ஆசிரியைகளுக்குக் காப்பி போடும் அம்மாளுக்குப் பால் வாங்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன். பிள்ளைகள் மாலையில் ஊர் திரும்புவது வேறொரு முதலாளியின் வண்டியில். ஆகவே அவர்கள் மூலமாகவும் பாய்க்குத் தெரிய வழியில்லை. ஷெட் பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரம். பஸ் சூரியனைப் போலத் தானாக வரும் என்று இருந்துவிட்டோம். நான் மட்டுமல்ல, பள்ளியில் ஒருவருமே அதற்குச் சொல்லியனுப்ப வேண்டும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் காலை சாரல் உள்ளே அடித்ததால், கரி நனையாமல் இருக்க, ஷெட்டின் தகரக் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டு மூட்டியிருக்கிறார். ஆறரைக்குப் பிச்சை போனபோது கதவு மூடியிருந்தது. கைப்பிடி சுற்றும் சத்தம் இல்லை. தீ மட்டும் நன்றாகப் பிடித்திருந்ததாம்.

எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. பள்ளி இல்லாவிட்டாலும் சந்தைக்குப் போகிறவர்களுக்காக வண்டி கிளம்பித்தானே ஆக வேண்டும் என்றார்கள். கிளம்பியிருக்கும். ஆனால் அப்படிப்பட்ட மழையில் ஏழரைக்குக் கிளம்பியிருந்தால் சந்தைக்காரர்கள் யாரும் பட்டியல் போட்டு அனுப்பியிருக்க மாட்டார்கள். விதி என்றார் ஒருவர். அதில் எனக்கு நம்பிக்கை கிடையாது. இருந்திருந்தால் இந்த நாட்கள் கொஞ்சம் எளிதாகப் போயிருக்கும்.

மூன்றாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த பிறகு அவர் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி ஜைத்தூன், கணவனை இழந்தவர்கள் வீட்டோடு இருக்கும் இத்தாவில் உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் அந்நிய ஆண்கள் உள்ளே வரக் கூடாது. என்னைக் கூட்டிவந்த பிச்சை வாசல் திரைக்கு வெளியே நின்றுகொண்டார். ஜைத்தூன் அழுது ஓய்ந்திருந்தார். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்காரவைத்தார்.

“தூக்கத்துலயும் ஏழு மணி, ஏழு மணிம்பாகம்மா. கொஞ்சம் படுங்களேன்னா, பிள்ளைக ரோட்டுல நிக்கும்லம்பாக.” என் கையை விடவில்லை. பிறகு கேட்டார்: “அன்னைக்கு அம்புட்டு மழையில பிள்ளைகள்லாம் வந்து நின்னுச்சுகளாம்மா?”

திரை அசைந்தது. பிச்சை அங்கேதான் நிற்கிறார் என்று எனக்குத் தெரியும்.

“நின்னாங்க” என்றேன்.

“ரொம்ப நேரமா?”

“ரொம்ப நேரம் நின்னுட்டு, வண்டி வராதுன்னு தெரிஞ்சதும் வீட்டுக்குப் போயிட்டாங்க.”

“பாவம், நனைஞ்சிருக்கும்” என்றார் ஜைத்தூன். தலையை மெதுவாக ஆட்டிவிட்டு, நீட்டிய தண்ணீரை வாங்கிக் குடித்தார். அந்த மூன்று நாளில் அப்போதுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்ததாகப் பக்கத்திலிருந்த பெண் சொன்னாள். வெளியே வந்தபோது பிச்சை என் முகத்தைப் பார்க்கவில்லை. வைகைப் பாலம்வரை என்னோடு வந்தார்.

அந்த நடையை எடுத்துவிட்டார்கள். வேறு டிரைவர் கிடைக்கவில்லை என்று முதலாளி எழுதிக்கொடுத்துவிட்டார். நான் மறுபடி ஒரு கடிதம் எழுதினேன். யுத்தம் முடிந்தபின் பரிசீலிக்கப்படும் என்று பதில் வந்தது. பதினொரு பிள்ளைகளில் இரண்டு பேர் நகரத்தில் உறவினர் வீட்டில் தங்கிப் படிக்கிறார்கள். மற்ற ஒன்பது பேர் வரவில்லை. சிட்டம்பட்டிக்காரரைச் சந்தையில் பார்த்தேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்திருப்பதாகச் சொன்னார். அவளுக்குப் பதின்மூன்று வயது.

இறந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவர்களிடமிருந்து தாம் பெற்றுக்கொண்டது எது என்று முடிவில் சொல்வார்கள். கடமை உணர்வு, நேரந் தவறாமை என்று நான் எழுதலாம். அவை அவருக்கு நான் கொடுத்தவை. அவற்றால்தான் அவர் இறந்தார். அவருடைய படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அவர் மனைவியிடம் நான் சொன்ன பொய் ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. பொய் சொன்ன பிள்ளைகளை இருபது வருடமாக வெயிலில் நிற்கவைத்தவள் நான்.

ஜைத்தூனுக்குப் படிக்கத் தெரியாது. கோரிப்பாளையத்தில் இதைப் படிப்பவர்கள் அவரிடம் சொல்லலாம். வேண்டாம் என்று நினைத்தால் சொல்லாமலும் இருக்கலாம். நேரில் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அன்று மழையில் ரோட்டில் ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை.