டீத்தண்ணியில் ஊறிய கோட்டை

புதுப் பேப்பரை நூறு வயதுப் பேப்பராக்க மூன்று வேலைகள் போதும் என்று ஆறாம் வகுப்பில் கண்டுபிடித்தேன். கண்டுபிடித்தேன் என்றால், சித்தப்பாவின் செல்போனில் இருந்த வீடியோவில் பார்த்தேன். டீத்தண்ணியில் நனைத்து, கசக்கிக் காயவைத்து, கடைசியில் ஓரங்களைத் தீயில் காட்டிக் கருக்க வேண்டும். பள்ளிக் கண்காட்சிக்காக ஆமத்தூர் கம்ப்யூட்டர் கடையில் ஒரு கோட்டைப் படத்தைக் கலரில் பிரிண்ட் எடுத்திருந்தேன். நேற்றுத்தான் பால் காய்ச்சிக் குடிபோன வீடு மாதிரி பளபளவென்றிருந்தது கோட்டை.

டீ வாளிக்குள் போட்டதும் கோட்டை கரைந்து வானத்தோடு கலந்துவிட்டது. எனக்கு அழுகை வரவில்லை, ஏன் கரைந்தது என்ற கேள்விதான் வந்தது. மறுநாள் கடையில் அதே படத்தை மறுபடி பிரிண்ட் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையில் ஜெராக்ஸ் போட்டு நனைத்தேன். ஒரு கோடுகூட அசையவில்லை. ஈரத்தில் காப்பித்தூளைத் தூவினால் செல்லரித்த மாதிரி புள்ளிகள் விழுந்தன. எங்கள் ஊர் வெயிலில் கால்மணி நேரத்தில் மொடமொடவென்று காய்ந்தது. பாக்கி தீ மட்டும்தான்.

அங்கேதான் சிக்கல். அம்மாவுக்குப் பட்டாசு கம்பெனியில் மருந்து அடைக்கும் வேலை. சாயங்காலம் சேலையெல்லாம் வெள்ளி நிறத் தூளோடு வருவாள். கொல்லையில் குளித்து, சேலையைத் தண்ணீரில் முக்கிவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைவாள். அதுவரை யாரும் நெருப்பு பற்றவைக்கக் கூடாது. சாமி விளக்குக்காகப் பார்க்கும் சுத்தம் என்று நான் நினைத்திருந்தேன். அவள் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்ததால் மெழுகுவர்த்தியைத் தைரியமாக ஏற்றினேன்.

மூன்று ஓரம் முடிந்து நான்காவதைக் காட்டும்போது வாசலில் அம்மா நின்றாள். மருந்து தீர்ந்துவிட்டதென்று அன்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள்.

“பாரும்மா, எம்புட்டுப் பழசா ஆக்கிட்டேன்” என்று படத்தோடு எழுந்தேன். அதன் ஓரம் இன்னும் கனன்றுகொண்டிருந்தது.

“அங்கனயே நில்லு தாயி. கிட்ட வராத.” குரல் எழும்பவே இல்லை. “வாளியில போடு. மெழுகுவத்தியையும் போடு.”

ஓடிவந்து முதுகில் நாலு வைத்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். அம்மா என்னைப் பார்த்தபடியே பின்னால் நடந்தாள். படியிறங்கி, தெருவைத் தாண்டி, எதிர்வீட்டுச் சுவரில் முதுகு முட்டும்வரை போனாள். நான் இரண்டையும் வாளியில் போட்டேன்.

குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. பிறகு வாளியிலிருந்து படத்தை எடுத்து விரித்துப் பார்த்தாள். மறுபடி டீயில் ஊறியதில் கோட்டைக்கு இன்னும் நூறு வயது கூடியிருந்தது.

“நல்லாருக்கு தாயி.”

“அப்ப ஏன் கிட்டயே வரல?”

“அழுக்கா இருந்தேன்” என்றாள்.

அந்தச் சேலையில் ஒரு பொறி விழுந்திருந்தால் இருவருமே மிஞ்சியிருக்க மாட்டோம் என்பது அன்று எனக்குத் தெரியாது. பிள்ளை கையில் தீயோடு நிற்கும்போது ஓடி வராமல் பின்னால் நடக்க அவள் என்ன பாடு பட்டிருப்பாள் என்பதும் தெரியாது. என் படம் பிடிக்காமல்தான் அம்மா தள்ளிப் போனாள் என்று சித்தப்பாவிடம் கோள் சொன்னேன். அவர் செல்போனை எடுத்து அந்த வீடியோவை அழித்தார். அதற்காக அவரோடு ஒரு வாரம் பேசவில்லை.