புளியமரப் பொந்தில் ஒரு டப்பா

இண்டூருக்கு மேற்கே இருக்கும் துரை பங்களாவின் காவல்காரர் சவுரியப்பன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால் இத்தனை வம்பு இல்லை. வெள்ளைக்காரன் கட்டின பங்களா. இப்போது பெங்களூரில் இருக்கும் ஒரு முதலாளிக்குச் சொந்தம். இருபத்தாறு வருஷமாகத் தோட்டமும் கேட்டும் சவுரியப்பன் பொறுப்பு. பின்பக்கத்து ஓட்டு வீட்டில் அவரும் மனைவியும் குடியிருந்தார்கள். உதிர்ந்த புளியைக்கூட முதலாளியைக் கேட்காமல் பொறுக்கமாட்டார். அந்த நல்ல பெயரால்தான் அந்தக் கூரையும் நிலைத்தது.

போன தை மாசம் கவிப்பிரியா என்றொரு பெண் முதலாளியிடம் போனில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்தாள். ஒரு பிளாஸ்டிக் டப்பாவைப் புளியமரப் பொந்தில் வைத்தாள். அந்த இடத்துக்கான எண்களை இணையத்தில் போடுவாளாம். யார் யாரோ செல்போனைப் பார்த்துக்கொண்டே தேடி வந்து, உள்ளே இருக்கும் நோட்டில் பேரெழுதிவிட்டுப் போவார்களாம். ஜியோகேச்சிங் என்றாள்.

"அப்பிடின்னா என்னங்க பாப்பா?"

"புதையல் தேடற மாதிரிங்கண்ணா. ஆனா புதையல் எதுவும் இருக்காது. சும்மா வெளையாட்டு."

மனுஷன் அதில் ஒரே ஒரு சொல்லை மட்டும் தூக்கிக்கொண்டு போய்க் குப்புராஜ் டீக்கடையில் இறக்கிவைத்தார். "நம்ம பங்களாவுல புதையல் தேட ஆளுங்க வராங்க." டீக்கடையில் சொல்கிற சொல்லா அது? காட்டில் நிற்கும் நடுகல்லின் அடியையே தோண்டிப் பார்த்த ஆட்கள் அங்கே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வாரமே புளியமரத்தடியில் இடுப்பளவு பள்ளம். சவுரியப்பன் பதறிப்போய் டப்பாவை எடுத்துக்கொண்டு டீக்கடைக்கு ஓடினார்.

"பாருங்கப்பா. ஒரு நோட்டு, ஒரு பென்சிலு. வேற ஒன்னுமே இல்ல."

குப்புராஜ் நோட்டைப் புரட்டினார். முதல் பக்கத்தில் கவிப்பிரியா எழுதிய எண்கள்.

"இது எந்த எடம் சவுரி?"

"அந்த மரந்தாங்க."

"மரத்துல டப்பாதான இருந்துச்சு. சரக்கு எங்க?"

இல்லை என்று மாதா மேல் சத்தியம் செய்தார். இவ்வளவு பெரிய சத்தியம் செய்கிறான் என்றால் இவ்வளவு பெரிய சரக்கு இருக்கிறது என்று முடிவு கட்டினார்கள். அப்புறம் ரோஜாப் பாத்தி போயிற்று, கிணற்றடி போயிற்று. காலையில் எழுந்து மண்ணைத் தள்ளி மூடுவதே அவர் வேலையாயிற்று. ஒற்றை ஆள், என்னதான் செய்வார் பாவம்.

பங்குனியில் முதலாளி வந்தார். திட்டு வாங்கத் தயாராகத்தான் சவுரியப்பன் நின்றார். திட்டியிருந்தால் தேவலை. முதலாளி பள்ளம் பள்ளமாக நின்று பார்த்துவிட்டு, தோளில் கைபோட்டார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

"சவுரி, ஊரே தோண்டுதுன்னா சும்மாவா தோண்டும்? எனக்கு உம்மேல சந்தேகம் இல்ல. இருந்தா சொல்லு. பாதி உனக்கு."

"மொதலாளி, அது வெளையாட்டுங்க. உங்களுக்கே தெரியுமுங்களே."

"தெரியும். ஆனா எல்லா எடத்தையும் தோண்டிட்டாங்க. உன் வூட்டுத் தரைய மட்டும் யாரும் தோண்டல."

சவுரியப்பன் போய்க் கடப்பாரையை எடுத்து வந்தார். மனைவி பாத்திரங்களை வாசலில் கொண்டுபோய் வைத்தாள். சிமெண்டுத் தரை பெயர்ந்தது. முழங்கால் ஆழம், இடுப்பு ஆழம், வெறும் செம்மண். முதலாளி விளிம்பில் நின்றுகொண்டு, "இன்னும் கொஞ்சம்" என்றார்.

"மாதாவே, ஒரு செப்புக்காசாவது கெடைக்கட்டும்" என்று சவுரியப்பன் வாய்விட்டே வேண்டிக்கொண்டு, குனிந்து மறுபடியும் குத்தினார்.